உயரம் மட்டும் போதுமா? பட்டறையில் மாறும் ஜீப்பின் தாங்கமைப்பு: ஒரு திறனாய்வு

ஒரு பாலம் கட்டி முடிக்கப்பட்டதும் அதை வல்லுநர்கள் மதிப்பிடுகிறார்கள். அதை வரைந்த பொறியாளர் எதைக் கணக்கில் கொண்டார், எதை மறந்தார் என்று ஆராய்கிறார்கள். ஒரு சிறு பட்டறையில் நடக்கும் வேலையையும் இவ்வாறு மதிப்பிடலாமா? மதிப்பிடலாம், மதிப்பிடவும் வேண்டும். அந்த வேலையின் மேலும் மனிதர்கள் ஏறி அமர்ந்து மலைப்பாதையில் இறங்குகிறார்கள் அல்லவா?

காயலான் கடையில் வாங்கிய பழைய பட்டைகளையும், பட்டறையிலேயே அறுத்துத் துளையிட்டுச் செய்த உறுப்புகளையும் கொண்டு பழைய ஜீப்புகளை 'உயர்த்தும்' வேலையே இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொள்ளும் பொருள். தோட்டங்களுக்கும் மலைக் கிராமங்களுக்கும் ஆளையும் சுமையையும் ஏற்றிச் செல்வோர் இதைச் செய்கிறார்கள். கரடுமுரடான பாதையில் வண்டி ஓட்டுவதைப் பொழுதுபோக்காகக் கொண்ட இளைஞர்களும் செய்கிறார்கள். புதிய உறுப்பின் விலை எட்டாதபோது, சென்னைப் புதுப்பேட்டை போன்ற இடங்களில் குவிந்து கிடக்கும் பழைய உறுப்புகளின்மேல் கண் செல்வது இயற்கை. இதில் இகழ்வதற்கு ஒன்றுமில்லை. பழையதைப் பயன்கொள்வது நல்ல பொருளாதாரம்; நல்ல பொறியியலாகவும் அது இருக்கக்கூடும். 'இருக்கக்கூடும்' என்ற சொல்லை மட்டும் கவனியுங்கள். எப்போது அது நல்ல பொறியியல் ஆகிறது, எப்போது ஆபத்தாகிறது என்பதைத்தான் நாம் பிரித்தறிய வேண்டும்.

பட்டை வில்லின் அறிவு

வண்டியின் உடலுக்கும் சக்கரங்களுக்கும் இடையே நின்று, மேடு பள்ளங்களின் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும் உறுப்புகளின் தொகுதியைப் பட்டறைகளில் 'சஸ்பென்ஷன்' என்கிறார்கள். நாம் அதைத் தாங்கமைப்பு எனலாம். 1941 முதல் போர்க்களத்தில் ஓடிய வில்லிஸ் ஜீப்பிலும், அதன் வழியில் வந்து, 1940-களின் இறுதி முதல் மகிந்திரா நிறுவனத்தால் இந்தியாவில் ஓடத் தொடங்கிய ஜீப்புகளிலும், 1985-இல் இந்தியச் சாலைக்கு வந்த மாருதி ஜிப்சியிலும் தாங்கமைப்பு ஒரே வகைதான். முன்னும் பின்னும் விறைப்பான ஒரே அச்சு. அதன் இரு பக்கமும் கமான் பட்டைகள்.

ஒரு பட்டைக் கட்டை உற்றுப் பாருங்கள். மேலே இரு முனைகளிலும் 'கண்' சுருட்டிய நீண்ட தாய்ப்பட்டை. அதன் கீழ் ஒன்றைவிட ஒன்று நீளம் குறைந்த பட்டைகள். ஏன் இந்தப் படிக்கட்டு அமைப்பு? வில் வளையும்போது வளைக்கும் விசையின் தாக்கம் நடுவில் மிகுதி, முனைகளில் குறைவு. எனவே நடுவில் பல பட்டைகளும் முனையில் ஒரே பட்டையும் இருந்தால், எஃகின் எந்தப் பகுதியும் வீணாகாமல், எந்தப் பகுதியும் அளவுக்கு மீறி வருந்தாமல் சுமையைப் பகிர்ந்துகொள்ளும். கண்ணுக்கு எளிமையாகத் தோன்றும் இந்த அமைப்புக்குள் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது.

பட்டை வில் சுமையைத் தாங்குவதோடு நிற்பதில்லை. அச்சை முன்பின் நகராமல் பிடித்துக்கொள்வதும் அதுவே. பிரேக் போடும்போது அச்சு சுழன்றுவிடாமல் தடுப்பதும், பட்டைகள் ஒன்றோடொன்று உரசுவதால் அதிர்வை ஓரளவு தணிப்பதும் அதன் வேலையே. ஓர் உறுப்பு, நான்கு வேலை. இதை மறந்து, வில்லை வண்டியை உயர்த்தும் முட்டுக்கட்டையாக மட்டும் பார்ப்பதே பட்டறை வேலைகளில் காணும் பெரும்பாலான குறைகளுக்கு வேர்.

போர்க்கால வில்லிஸ் ஜீப்பின் முன்பக்கத்தில் இடது வில்லும் வலது வில்லும் ஒன்றல்ல. ஓட்டுநரும் எரிபொருள் தொட்டியும் இடப்பக்கத்தில் அமைந்த வண்டி அது. சுமை வேறு, ஆகவே வில்லும் வேறு. இரண்டு பக்கத்துக்கும் 'கிடைத்ததைப் போட்டால் போயிற்று' என்று எண்ணுவோர் சிந்திக்க வேண்டிய செய்தி இது.

எதைக் கொண்டு அளப்பது?

திறனாய்வுக்கு அளவுகோல் வேண்டும். வண்டி எவ்வளவு உயர்ந்தது என்பதே பட்டறையில் வழக்கமான அளவுகோல். நாம் மூன்று கேள்விகளைக் கேட்போம்.

முதலாவது: சக்கரம் தரையை விடாமல் தொட்டுக்கொண்டிருக்கிறதா?

இரண்டாவது: வண்டி திருப்பிய திசையில் செல்கிறதா, நிறுத்திய இடத்தில் நிற்கிறதா?

மூன்றாவது: பயன்படுத்திய எஃகின் பதம் கெடாமல் இருக்கிறதா?

முதற்கேள்வி ஏன் முக்கியம் என்பதைச் சொல்லிவிடுவோம். கரடான பாதையில் ஒரு சக்கரம் குழிக்கு மேல் அந்தரத்தில் நின்றுவிட்டால் என்ன ஆகும்? சாதாரண டிஃபரன்ஷியல் இரு பக்கச் சக்கரங்களுக்கும் ஒரே அளவு முறுக்கு விசையைத்தான் பகிர்ந்தளிக்கும். அந்தரத்தில் நிற்கும் சக்கரம் தடையின்றிச் சுழல்வதால் அதற்கு வேண்டிய முறுக்கு விசை மிகச் சிறிது. தரையில் நிற்கும் மற்றதற்கும் அதே சிறிதுதான் கிடைக்கும். வண்டி அசையாது. ஆகவே பாதையற்ற இடத்தில் ஓடும் வண்டிக்கு வேண்டியது குழிக்குள்ளும் காலை நீட்டும் மென்மையான வில். விறைப்பான வில் அதற்கு எதிரி. இதை மனத்தில் கொண்டு வழக்கமான வேலைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

லாரிப் பட்டை சேர்த்தல்

தளர்ந்துபோன ஜீப் வில்லுக்குள் பழைய லாரிப் பட்டை ஒன்றை வெட்டிச் சேர்ப்பதே மிகப் பரவலான முறை. வண்டி உடனே உயர்ந்துவிடும். உரிமையாளரும் மகிழ்வார். ஆனால் உள்ளே என்ன நடந்தது?

ஒரு பட்டையின் விறைப்பு அதன் கனத்தின் மும்மடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். நீளத்தின் மும்மடிக்கு எதிர்விகிதத்தில் இருக்கும். ஜீப் பட்டை 6 மி.மீ. கனம் என்றும், லாரிப் பட்டை 10 மி.மீ. கனம் என்றும் வைத்துக்கொள்வோம். நீளமும் அகலமும் சமமானால், ஒரு லாரிப் பட்டை 4.6 ஜீப் பட்டைகளுக்குச் சமமாக விறைத்து நிற்கும். எட்டுப் பட்டை உள்ள கட்டில் இத்தகைய ஒன்றைச் சேர்த்தால் விறைப்பு ஏறத்தாழ 58 விழுக்காடு கூடிவிடும். 'ஒரே ஒரு பட்டைதானே சேர்த்தோம்!' என்பார் பட்டறைக்காரர். கணக்கு அவ்வாறு சொல்லவில்லை.

இன்னொன்று உண்டு. கட்டிலுள்ள பட்டைகள் எல்லாம் சேர்ந்தே வளைகின்றன. ஒரே அளவு வளைவில், கனமான பட்டையின் மேற்பரப்பு மெல்லியதைவிட அதிகமாக இழுபடும். மேற்கண்ட எடுத்துக்காட்டில், லாரிப் பட்டையில் தோன்றும் தகைவு மற்றவற்றைப் போல் 1.67 மடங்கு. தடித்த பட்டை வலுவானது என்று எண்ணிச் சேர்க்கிறோம். முதலில் முறிவது பெரும்பாலும் அதுவாகவே இருக்கும்.

வில்லின் விறைப்பு கூடினால் பயணமும் கெடும். வண்டியின் எடையால் வில் எவ்வளவு அமுங்கி நிற்கிறதோ அதைக் கொண்டே வண்டி எவ்வளவு விரைவாக ஆடும் என்று கணக்கிடலாம். 10 செ.மீ. அமுங்கி நிற்கும் வில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 95 முறை ஆடும். 5 செ.மீ. மட்டுமே அமுங்கும் வில் ஏறத்தாழ 134 முறை ஆடும். நாம் நடக்கும் நடையின் தாளத்துக்கு நெருங்கிய ஆட்டத்தை உடல் பொறுத்துக்கொள்கிறது. அதைவிட மிகுந்து குலுக்கும் வண்டியில் முதுகெலும்பும், பின்னே அடுக்கிய தக்காளிக் கூடையும் ஒருங்கே வருந்தும்.

பழைய வில்லிஸ் வகை ஜீப்பின் பட்டை ஏறத்தாழ 45 மி.மீ. அகலம். லாரிப் பட்டை அதைவிட நன்கு அகலமானது. ஆகவே காஸ் வெட்டுக் கருவியால் ஓரத்தை வெட்டி எடுக்கிறார்கள். சிவக்கக் காய்ந்து, பல் பல்லாக நிற்கும் அந்த ஓரமே பின்னாளில் விரிசல் தொடங்கும் இடம். நம் மூன்று கேள்விகளில் முதலாவதிலும் மூன்றாவதிலும் இம்முறை தோற்கிறது.

நீண்ட ஷாக்கிள்

பட்டை வளைந்து நிமிரும்போது அதன் நீளம் மாறும். அதற்கு இடம் கொடுக்க ஒரு முனையில் ஊஞ்சல்போல் ஆடும் இணைப்புத் துண்டு உண்டு. அதுவே ஷாக்கிள். தட்டை இரும்பை அறுத்து இரண்டு துளையிட்டால் நீளமான ஷாக்கிள் தயார். செலவு சிறிது, வேலையும் எளிது. அதனால்தான் இது எங்கும் காணப்படுகிறது.

இதன் பலனைக் கணக்கிடுங்கள். ஷாக்கிளை 5 செ.மீ. நீட்டினால் வில்லின் ஒரு முனை மட்டுமே 5 செ.மீ. இறங்கும். அச்சோ நடுவில் இருக்கிறது. எனவே வண்டி உயர்வது பாதியளவு, அதாவது 2.5 செ.மீ. மட்டும். அதற்குக் கொடுக்கும் விலை என்ன?

மிதிவண்டியின் முன்கவை நேர்குத்தாக இல்லாமல் சாய்ந்திருப்பதைக் கண்டிருப்பீர்கள். கைப்பிடியைத் தொடாமல் இருக்கையை மட்டும் பிடித்துத் தள்ளினாலும் வண்டி நேரே செல்வதற்கு அந்தச் சாய்வும் ஒரு காரணம். ஜீப்பின் முன்சக்கரம் திரும்பும் அச்சிலும் இத்தகைய சாய்வு உண்டு. 'கேஸ்டர்' எனப்படும் அது பழைய ஜீப்புகளில் ஏறத்தாழ 3 பாகைதான். திருப்பம் முடிந்ததும் ஸ்டீயரிங் தானே நேராக வருவது இதனால்தான்.

முன்வில்லின் முன்முனையில் ஷாக்கிள் அமைந்த வண்டியில் அதை 5 செ.மீ. நீட்டினால், ஏறத்தாழ 92 செ.மீ. நீளமுள்ள வில் முழுவதும் 3 பாகை சாயும். அச்சும் அதனுடன் சாயும். இருந்த 3 பாகையும் பறிபோகும். இரண்டரை செ.மீ. உயரத்துக்காக, வண்டியை நேரே ஓட வைக்கும் குணத்தையே விற்றுவிடுகிறோம். இப்படிப்பட்ட வண்டி தார்ச்சாலையில் ஓரத்துக்கு ஓரம் அலையும். ஓட்டுநர் 'டயர் சரியில்லை' என்று டயரை மாற்றிக்கொண்டிருப்பார்.

சாய்வைத் திருத்த, வில்லுக்கும் அச்சுக்கும் இடையே எஃகு ஆப்பு வைப்பது உண்டு. அளவறிந்து கடைந்தெடுத்த ஆப்பு பயன் தரும். ஆனால் அந்த வேலையைச் செய்யத் தெரிந்தவர் நீண்ட ஷாக்கிளைத் தேடிப் போவது அரிது.

அச்சுக்கு மேல் வில்

ஜீப்பிலும் ஜிப்சியிலும் வில் அச்சுக்குக் கீழே கட்டப்பட்டிருக்கிறது. அதை அவிழ்த்து அச்சுக்கு மேலே கட்டினால், அச்சுக் குழாயின் விட்டமும் பட்டைக் கட்டின் கனமும் சேர்ந்து, ஒரே நாளில் 12 அல்லது 13 செ.மீ. உயரம் கிடைத்துவிடும். புதிய வில் வாங்க வேண்டியதில்லை. வில்லின் மென்மையும் மாறுவதில்லை. முதற்கேள்விக்கு நல்ல விடை தரும் முறை இது. அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் ஜிப்சியின் உடன்பிறப்பான சுசுகி வண்டிகளில் பலரும் விரும்பிச் செய்வதும் இதுவே. பாராட்டைத் தர நாம் தயங்க வேண்டியதில்லை.

இடர்கள் இரண்டாவது கேள்வியில் வருகின்றன. சக்கரத்தின் ஆரம் 35 செ.மீ. என்று கொள்வோம். முன்பு வில் தரையிலிருந்து 28 செ.மீ. உயரத்தில் இருந்தது, இப்போது 41 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. பிரேக் போடும்போது தரை சக்கரத்தைப் பின்னோக்கித் தள்ளுகிறது. அந்த விசை வில்லை முறுக்கும் நெம்புகோலின் நீளம் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு ஆகிவிட்டது. விளைவாக வில் 'எஸ்' வடிவில் நெளியும். அச்சு சுழல முயலும். இதைத் தடுக்க, அச்சிலிருந்து சட்டத்துக்கு ஒரு முறுக்குத் தடுப்புக் கம்பி வேண்டும். உயர்த்துவதைச் செய்துவிட்டு இதை 'அப்புறம் பார்க்கலாம்' என்று விட்டவர்கள் வேலையைப் பாதியில் விட்டவர்களே.

அடுத்து, எஞ்சினிலிருந்து அச்சுக்குச் செல்லும் புரொப்பெல்லர் தண்டின் சாய்வு கூடும். அதன் குறுக்கு மூட்டு சாய்ந்த நிலையில் சுழலும்போது, வெளிவரும் வேகம் ஒரே சீராக இராது. சாய்வு 10 பாகை என்றால் ஏற்ற இறக்கம் ஒன்றரை விழுக்காடு. 20 பாகை என்றால் 6 விழுக்காடு. இரு முனை மூட்டுகளின் சாய்வும் சமமாக இருந்தால் ஒன்றின் குறையை மற்றது ஈடுசெய்யும். சமம் குலைந்தால் வண்டி நடுங்கும், மூட்டு தேயும். பிரேக் குழாயின் நீளமும் போதாமல் போகும். சக்கரம் குழிக்குள் இறங்கும் அந்த நொடியில் ரப்பர்க் குழாய் இழுபட்டு அறுமானால் பிரேக் இல்லை. ஸ்டீயரிங் இணைப்புக் கம்பியின் கோணமும் மாறும். சக்கரம் மேடேறும்போதெல்லாம் ஸ்டீயரிங் தானே வெட்டி இழுக்கும்.

உயரத்துக்கு இன்னொரு விலையும் உண்டு. பழைய ஜீப்பில் இடது வலது சக்கரங்களுக்கு இடைத்தூரம் ஏறத்தாழ 122 செ.மீ. புவியீர்ப்பு மையம் 65 செ.மீ. உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொண்டால், விறைப்பான பெட்டிபோல் கருதிய வண்டி ஏறத்தாழ 43 பாகை சாயும்வரை கவிழாது. மையம் 10 செ.மீ. உயர்ந்தால் அந்த எல்லை 39 பாகைக்கு வந்துவிடும். வில்லும் டயரும் நெளிவதால் உண்மையான எல்லை இவ்விரண்டையும்விடக் குறைவு. கூரையில் மூட்டை ஏற்றினால் இன்னும் குறைவு. கொண்டை ஊசி வளைவில் இந்தக் கணக்கை வண்டி மறக்காது.

நெருப்பும் எஃகும்

இனி மூன்றாவது கேள்வி. நம் கொல்லர்கள் பழைய லாரிப் பட்டையிலிருந்து அருமையான அரிவாள் அடிக்கிறார்கள். உலையில் சிவக்கக் காய்ச்சி, அடித்து நீட்டி, தோய்ச்சல் போட்டுப் பதம் ஏற்றுகிறார்கள். 'அதே உலையில் பட்டையை வளைத்து வில்லாக்கினால் என்ன?' என்று கேட்கத் தோன்றும்.

அரிவாளுக்கு வேண்டிய பதம் வேறு. வில்லுக்கு வேண்டிய பதம் வேறு. வில் எஃகில் கரி ஏறத்தாழ அரை விழுக்காட்டுக்குச் சற்று மேல் இருக்கும். பல வகைகளில் சிலிக்கனும் மாங்கனீசும் கலந்திருக்கும். தொழிற்சாலையில் அதை ஏறத்தாழ 850 முதல் 900 பாகை செல்சியஸ் வரை காய்ச்சி எண்ணெயில் தோய்க்கிறார்கள். பின்னர் மீண்டும் 450 முதல் 500 பாகை அளவில் சூடாக்கிப் பதப்படுத்துகிறார்கள். முதற்சூடு கடினம் தருகிறது. இரண்டாம் சூடு வளைந்து மீளும் பொறுமையைத் தருகிறது. அதன்பின் வில்லின் மேற்பரப்பில் சிறு எஃகுக் குண்டுகளை வேகமாக வீசித் தாக்குவதும் உண்டு. மேற்றோல் அமுங்கி இறுகுவதால், இழுவிசை வரும்போது விரிசல் எளிதில் திறப்பதில்லை.

உலையில் ஒருமுறை சிவக்கக் காய்ச்சினால் இவை அனைத்தும் அழிந்துபோகும். மெல்ல ஆறவிட்டால் வில் தளர்ந்து, வளைத்தால் மீளாது. நீரில் தோய்த்தால் கண்ணாடிபோல் உடையக்கூடும். நெருப்பின் நாவில் மேற்றோலிலுள்ள கரியும் ஓரளவு எரிந்துவிடுவதால், எங்கு வலிமை மிகவும் வேண்டுமோ அங்கேயே எஃகு நோஞ்சானாகிறது. பற்றவைப்பது இன்னும் தீது. பற்றின் அருகே சூடேறிய எஃகைச் சுற்றியுள்ள குளிர்ந்த எஃகு சட்டென ஆற்றிவிடும். அங்கே கடினமான, நொறுங்கும் பட்டை ஒன்று உருவாகும். அரிவாள் முறிந்தால் ஒரு வேலை நிற்கும். இறக்கத்தில் தாய்ப்பட்டை முறிந்தால் அச்சு ஒரு பக்கம் பின்வாங்கி வண்டி தானே திரும்பும்.

ஆகவே ஒரு விதியைச் சொல்லலாம்: பழைய வில்லின் வடிவத்தை அப்படியே பயன்படுத்துவது தகும், அதற்கு நெருப்புக் காட்டுவது தகாது.

யூ போல்ட் பற்றியும் ஒரு சொல். வில்லையும் அச்சையும் இறுகப் பிடிப்பது அதுவே. சாதாரண இரும்புக் கம்பியை வளைத்து மரை வெட்டிச் செய்யும் பட்டறை யூ போல்ட், ஒரு சதுர மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 250 நியூட்டன் விசையில் நீளத் தொடங்கும். 8.8 என்று முத்திரையிட்ட போல்ட் அதே பரப்பில் 640 நியூட்டன் வரை தாங்கும். யூ போல்ட் நீண்டு தளர்ந்தால் பாரமெல்லாம் நடுவிலுள்ள சிறிய சென்டர் போல்ட்டின்மேல் விழும். அது வெட்டுப்பட்டால் அச்சு இடம் பெயரும். பழைய யூ போல்ட்டை மறுபடி முறுக்குவதும் சிக்கனமாகாது. ஒருமுறை நீண்ட மரை மீண்டும் அதே இறுக்கம் தராது.

பாராட்டத்தக்கவை

குறைகளை மட்டும் அடுக்குவது திறனாய்வாகாது. பட்டறைக் கலையில் உண்மையான அறிவு வெளிப்படும் இடங்களும் உள்ளன.

ஒன்று, நீளமான வில்லைத் தேடுவது. சுசுகி வண்டிகளில் பின்வில் முன்வில்லைவிட நீளம். காயலான் கடையில் கிடைத்த பின்வில்லை முன்பக்கத்தில் பொருத்தும் முறை ஒன்றை ஆர்வலர்கள் கண்டனர். வில்லின் நீளம் 10 விழுக்காடு கூடினால் விறைப்பு முக்கால் பங்காகக் குறையும். ஒரே அளவு வளைவிறக்கத்தில் எஃகின் தகைவும் 17 விழுக்காடு குறையும். சக்கரம் இன்னும் ஆழமாகக் குழியில் இறங்கும். தாங்கும் கொக்கியை இடம் மாற்ற வேண்டியிருக்கும். ஸ்டீயரிங் கோணத்தைச் சரிபார்க்க வேண்டியிருக்கும். ஆயினும் எஃகுக்குத் தீங்கு செய்யாமல், இயற்பியலைத் துணைக்கு அழைத்த வேலை இது.

இரண்டு, கட்டை அவிழ்த்துத் துருவை நீக்கி, பட்டை முனைகளின் கூர் ஓரத்தை அரத்தால் தேய்த்து மழுங்கவைத்து, இடையே வழுவழுப்பான பிளாஸ்டிக் தகட்டுத் துண்டுகளை வைப்பது. துருப்பிடித்த பட்டைகள் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு சிறு மேடுகளில் வளைய மறுக்கும். உரசல் குறைந்ததும் அதே பழைய வில் புதுமென்மை பெறுகிறது. செலவோ மிகச் சிறிது. தணிக்கும் வேலையை இனி ஷாக் அப்சார்பர் ஏற்க வேண்டும். ஆகவே அது நல்ல நிலையில் இருப்பது கட்டாயம்.

மூன்று, சக்கரம் மேலேறும் எல்லையில் அச்சு சட்டத்தை மோதாமல் தடுக்கும் ரப்பர்த் தடுப்பைப் பழைய கனரக ரப்பரிலிருந்து வெட்டிச் செய்வது. பட்டைக் கண்ணில் இடும் புஷ்ஷை லேத்தில் நைலான் கொண்டு கடைவதும் இவ்வகையே. இவை நெகிழும், தேயும், எளிதில் மாற்றக்கூடிய உறுப்புகள். தேய்ந்தால் ஒலி எழுப்பி எச்சரிக்கும். திடீரென முறிந்து விழாது. கைவேலைக்கு ஏற்ற இடம் எது என்பதை இவ்வேறுபாடே காட்டுகிறது. முன்கூட்டி எச்சரித்துக் கெடும் உறுப்பைப் பட்டறையில் செய்யலாம். சொல்லாமல் முறியும் உறுப்பைச் செய்யலாகாது.

நீங்களே அளந்து பாருங்கள்

மாணவ நண்பர்களே, இவற்றைச் சோதிக்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. சமதளத்தில் நிற்கும் ஜீப்பின் பின்பக்கத்தில், அச்சுக்கும் சட்டத்துக்கும் இடைவெளியை இருபுறமும் அளந்து குறியுங்கள். பின்னர் 50 கி.கி. சிமெண்ட் மூட்டைகள் நான்கைப் பின் அச்சுக்கு நேர் மேலே வையுங்கள். ஒவ்வொரு வில்லும் ஏறத்தாழ 100 கி.கி. சுமையை ஏற்கும். இடைவெளி 4 செ.மீ. குறைந்தால் வில்லின் விறைப்பு செ.மீ.க்கு 25 கி.கி. ஆகும். தரையிலிருந்து அளக்காதீர்கள், டயரும் அமுங்குவதால் கணக்குப் பிழைக்கும். வேலைக்கு முன்பும் பின்பும் இதைச் செய்தால், 'வண்டி நன்றாகிவிட்டது' என்ற சொல்லுக்குப் பதில் ஓர் எண் கிடைக்கும்.

பழைய பட்டை வாங்கும்போது விரிசல் பார்க்கவும் எளிய வழி உண்டு. பட்டையைத் தூய்மை செய்து மண்ணெண்ணெயில் ஊறவைத்து, நன்கு துடைத்து, சுண்ணக்கட்டிப் பொடியைப் பூசுங்கள். விரிசல் இருந்தால் அதற்குள் புகுந்த எண்ணெய் மெல்லக் கசிந்து வெண்பொடியில் கருங்கோடு இடும். நடுத்துளையைச் சுற்றியும் கண்ணின் வளைவிலும் கவனமாகப் பாருங்கள். எனினும் எஃகு அயர்ந்திருந்தும் விரிசல் இன்னும் தொடங்காதிருக்கலாம். ஆகையால் தாய்ப்பட்டையை மட்டுமாவது புதிதாக வாங்குவது அறிவுடைமை.

கடைசியாக, ஒரு பக்கச் சக்கரத்தை ஜாக்கியால் உயர்த்தி, மறுபக்கச் சக்கரம் தரையைத் தொட்டபடி இருக்கும்போதே பிரேக் குழாய், புரொப்பெல்லர் தண்டு, ஸ்டீயரிங் கம்பி ஆகியவற்றைப் பாருங்கள். எது இழுபடுகிறது, எது உரசுகிறது என்பது அங்கே தெரியும். வண்டிக்கு அடியில் தலையை மட்டும் நுழைக்காதீர்கள். ஜாக்கியோடு கூடவே உறுதியான முட்டுகளும் வேண்டும்.

சட்டமும் பொறுப்பும்

1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறித்த விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை உரிமையாளர் மாற்றியமைப்பதைத் தடுக்கிறது. 2019 சனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தித் தீர்ப்பளித்தது. ஆகவே சொந்த நிலத்திலோ போட்டிக் களத்திலோ ஓடும் வண்டிக்குச் செய்யும் சோதனைகள் வேறு. ஆளேற்றிப் பொதுச்சாலையில் ஓடும் வண்டி வேறு. தேய்ந்த வில்லை உரிய அளவிலுள்ள வில்லால் மாற்றுவது பழுதுபார்ப்பு. வண்டியின் உருவையே மாற்றுவதற்கு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தைக் கேட்டபின்னரே கை வைக்க வேண்டும்.

தொகுத்துச் சொன்னால், பட்டறைக் கலைஞரின் கைத்திறனில் நாம் குறை காணவில்லை. அவர் துளையிடும் துல்லியம் பல தொழிற்சாலைகளுக்கு ஈடானது. குறை அவர் ஏற்றுக்கொண்ட அளவுகோலில் இருக்கிறது. உயரத்தை அளப்பது எளிது. நாடா ஒன்று போதும். சக்கரம் தரையை எவ்வளவு விடாமல் பற்றுகிறது, ஸ்டீயரிங் எவ்வளவு நேராக மீள்கிறது, எஃகு எவ்வளவு பதமாக இருக்கிறது என்பவற்றை அளக்கச் சற்று இயற்பியல் வேண்டும். அந்த இயற்பியல் உங்கள் பத்தாம் வகுப்புப் புத்தகத்துக்கு மிகத் தொலைவில் இல்லை. அடுத்த முறை உங்கள் ஊர்ப் பட்டறையில் ஒரு ஜீப் உயர்ந்து நிற்பதைக் கண்டால், எவ்வளவு உயர்ந்தது என்று கேட்காதீர்கள். பிரேக் குழாய் எட்டுகிறதா, வில்லுக்கு நெருப்புக் காட்டினார்களா, யூ போல்ட் புதிதா என்று கேளுங்கள். அந்த வண்டியில் ஏறப்போகிறவர்களுக்கு நீங்கள் செய்யும் உதவி அது.